பின்பாதி யானை

தம்பி, ஒரு நிமிஷம் எழுந்திரிக்கிறீங்களா? கோவிச்சுக்காதீங்க. வாலு மேல உக்காந்திருக்கீங்க.

என் வாலு இல்லைங்க, யானை வாலு. பையில இருந்து வெளிய தொங்குது பாருங்க. ஆங், இப்ப சரி. உக்காருங்க, உக்காருங்க. உள்ள ஸ்பாஞ்சு, மேல துணி, கடிக்காது. கண்டக்டர் கூடக் கேட்டான், "பெருசு, மூட்டையில என்ன?"ன்னு. யானைப்பான்னேன். "முழு யானையா?"ன்னான். இல்ல, பின்பாதி மட்டும்னேன். லக்கேஜ் போடாமலே போயிட்டான். பாதி யானைக்கு எந்த ரேட்டு போடுறதுன்னு தெரியல போல.

வேடசந்தூர் போறேங்க. நீங்க? திண்டுக்கல்லா? அப்ப நல்லது, சாவகாசமா பேசலாம். காதுல மாட்டியிருக்கிற அதைக் கழட்டிடுங்க. பாட்டு எப்பவும் கேக்கலாம். என்னைய மாதிரி ஆளு பக்கத்துல உக்கார்றது எப்பவும் நடக்காது.

நான் யாருன்னு தெரியுதா? இந்த மீசையைப் பாருங்க. தெரியலையா? உங்க வயசுக்குத் தெரியாது. உங்க அப்பாகிட்ட போன் பண்ணிக் கேளுங்க, டைகர் மாசிலாமணின்னு. நியூ சந்திரகாந்தம் சர்க்கஸ்ல பத்தொன்பது வருஷம் புலி வித்தை. சிவப்புக் கோட்டு, பித்தளைப் பட்டன், நெஞ்சுல நாலு மெடல். நான் கூண்டுக்குள்ள நுழைஞ்சா பேண்டு நின்னுடும். அஞ்சாயிரம் பேரு மூச்சு விடமாட்டான்.

புலிக்குப் பேரு ஜான்சி. பெண்புலி. நான் ஒரு பார்வை பாத்தா ஸ்டூல்ல ஏறும், ரெண்டாவது பார்வைக்கு வளையத்துல தாவும். சாட்டையைச் சும்மா சொடுக்குவேனே தவிர ஒரு அடி போட்டதில்ல. எல்லாம் கண்ணு தம்பி. கண்ணுல ஒரு சக்தி. என் சம்சாரம் கமலம் கூண்டுக்கு அந்தப் பக்கம், எனக்குப் பின்னாடி, கறி வாளியைக் கையில வச்சுக்கிட்டு நிப்பா. சும்மா நிப்பா, அவ்வளவுதான். அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. குட்டியா வந்தப்ப ஜான்சிக்குப் பாட்டில்ல பால் குடுத்து வளத்தவ, அந்தப் பாசத்துல வந்து நிப்பா. நானும் நின்னுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஒரு தடவை சேலத்துல கேம்ப் போட்டிருந்தப்ப கமலத்துக்கு மூணு நாள் காய்ச்சல், படுத்துட்டா. அந்த மூணு நாளும் ஜான்சி ஸ்டூல்ல ஏறவே இல்ல. நான் பாக்குறேன், பாக்குறேன், அது என்னையத் தாண்டி எங்கேயோ தேடிட்டு நிக்குது. சேலத்து வெயில் அதுக்கு ஒத்துக்கல.

எங்க பொண்ணுக்கு ராணின்னு பேரு வச்சேன். முழுப்பேரு ஜான்சிராணி. புலி பேரைப் பொண்ணுக்கு வைக்கலாமான்னு கமலம் சண்டை போட்டா. வைக்கலாம்னுட்டேன்.

அப்புறம் தெரியும்ல, சட்டம் வந்துச்சு. சர்க்கஸ்ல புலி கூடாது, சிங்கம் கூடாது. லாரி வந்து ஜான்சியை ஏத்திட்டுப் போச்சு. அது கமலத்தைப் பாத்துக்கிட்டே போச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு, ஆம்பளை அழலாமான்னு பாக்காதீங்க, அழுதேன். பல வருஷம் கழிச்சு யானையும் போச்சு. ஒட்டகம், குதிரைன்னு ஒவ்வொண்ணா எல்லாம் போச்சு. கடைசியில கூடாரத்துல மிச்சம் இருந்த மிருகம் நானும் பவித்ரனும்தான்.

பவித்ரன் யாருன்னு கேக்குறீங்களா? அவனைப் பத்திச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்! கண்ணூர்க்காரன். கோமாளி. நாப்பது வருஷமா விழுந்து விழுந்தே சம்பாதிச்சவன். நல்ல உயரம், நல்ல ஆளு, ஆனா என் ஜென்ம விரோதி.

இப்ப சர்க்கஸ் பாத்திருக்கீங்களா? பாத்ததே இல்லையா? பொழைச்சீங்க. முதலாளியோட மருமக வந்தாச்சு, சின்ன மேடம், பெரிய படிப்பு. வந்ததும் மரத்தூளை அள்ளி வெளிய கொட்டிட்டு நீல ரப்பர் மேட்டு விரிச்சுட்டாங்க. பேண்டு செட்டை அனுப்பிட்டு கம்ப்யூட்டர் வச்சாங்க. கூடாரத்துக்குள்ள ஏர்கூலர், நாற்காலிக்கு உறை, வாசல்ல செல்ஃபி எடுக்க தட்டியில வரைஞ்ச ஒரு ரெக்கை. எத்தியோப்பியாவுல இருந்து நாலு பசங்க வந்திருக்கானுங்க, ஒருத்தன் தலை மேல ஒருத்தன் நின்னு பந்து விளையாடுறான். அவனுங்க தேவலை, நல்ல பசங்க, கமலத்தை மம்மின்னு கூப்பிடுவானுங்க. ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு மேல இருந்து பட்டுத் துணியில தொங்குது. என்னம்மா பண்ணுதுன்னேன். "மழையா நடிக்குது அங்கிள்"னாங்க சின்ன மேடம். மழை எதுக்குத் தொங்கணும்னு இன்னும் எனக்கு விளங்கல.

முன்னெல்லாம் சர்க்கஸ்னா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஐட்டம் வரும், கைதட்டுவான், போவான். இப்ப கதை இருக்கணுமாம். எங்க ஷோவுக்குப் பேரு "காட்டின் கண்ணீர்". மரத்தை வெட்டுறாங்க, மழை போகுது, யானை வந்து மண்டி போட்டு அழுது. அதான் கிளைமாக்ஸ். யானைக்கு எங்க போறது? பம்பாய்ல ஆர்டர் குடுத்து ஒண்ணு தைச்சு வந்துச்சு. உள்ள ரெண்டு ஆளு. முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன்.

முன்னாடி பவித்ரன்.

பின்னாடி யாருன்னு கேக்காதீங்க. பைதான் என்கிட்ட இருக்கே.

எனக்கு வெக்கமா இருந்துச்சு தம்பி. புலியைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டாதவன் ஒரு கோமாளி முதுகைப் பாத்துக் குனிஞ்சு நிக்கிறேன். மேடம்கிட்ட கேட்டேன், முன்பாதியை எனக்குக் குடுங்கன்னு. "பவித்ரன் அங்கிளுக்கு உயரம் சரியா இருக்கு"ன்னாங்க. உயரமாம்! ஆனா ஒண்ணு சொல்றேன், யானையை ஓட்டுறது நாந்தான். அவனுக்கு இருக்கிறது ரெண்டு ஓட்டை, பாக்குறதுக்கு. ரெண்டு கையும் தும்பிக்கைக்குள்ள போயிடும், வேற எதுக்கும் உதவாது. என்கிட்டதான் எல்லாம். இடது கையில அவன் பெல்ட்டு, வலது கையில கண்ணீர் பந்து. ரப்பர் பந்துங்க, தண்ணி நிரப்பியிருக்கும், அமுக்கினா ட்யூப் வழியா முன்னாடி போய் யானைக் கண்ணுல வடியும். ஊரே அந்த யானை அழுறதைப் பாத்து மூக்கைச் சிந்தும். அழுறது யாரு? நான்.

ரெண்டு பாதியையும் நடு இடுப்புல ஒரு பெரிய ஜிப்பு சேர்க்கும். உள்ள போனப்புறம் வெளிய இருந்துதான் போடமுடியும். கமலம்தான் போடுவா. இப்ப அவளுக்கு டிரஸ் டெண்டுல வேலை, தைக்கிறது, பட்டன் வைக்கிறது. ஜிப்பைப் போட்டு, ரெண்டு தட்டு தட்டி, "போங்க"ம்பா. நாங்க போவோம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ராணி எங்களோட அலையல. திண்டுக்கல்ல கமலத்தோட அக்கா வீட்டுல வளந்து, படிச்சு, ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை. அங்கே ரத்தம் குடுக்க வந்த பையன் ஒருத்தன், இளவழகன்னு பேரு, போஸ்டாபீஸ்ல வேலை, வேடசந்தூர். பிடிச்சுப் போச்சு ரெண்டு பேருக்கும். நல்ல பையன். பொண்ணு கேட்டு வர்றோம்னாங்க. பையனோட அப்பா பேரு பொன்னுரங்கம். ரிட்டயர்டு ரேஞ்சர்.

ஆமா, ஃபாரஸ்ட் ரேஞ்சர். எந்த டிபார்ட்மெண்டு லாரி எடுத்துட்டு வந்து ஜான்சியைக் கூட்டிட்டுப் போச்சோ, அதே டிபார்ட்மெண்டு.

ராணி முன்னாடியே போன்ல சொன்னா, "அப்பா, இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்லுங்க. அவங்க எதுவும் நெனைக்க மாட்டாங்க." சரிம்மான்னேன். நான் பொய் சொல்றவன் இல்ல தம்பி. திண்டுக்கல் வீட்டுக்கு அவங்க வந்து உக்காந்து, காப்பி குடிச்சு, "சர்க்கஸ்ல என்ன பாக்குறீங்க?"ன்னு அவர் கேட்டப்ப, "யானை டிபார்ட்மெண்டுல இருக்கேன்"னேன். இதுல என்ன பொய்? நீங்களே சொல்லுங்க.

அவர் தம்ளரைக் கீழ வச்சாரு. "சர்க்கஸ்ல யானை வைக்கக்கூடாதுங்களே?"

"மத்தவங்களுக்குக் கூடாது. எங்க கம்பெனியில ஒண்ணு இருக்கு."

"ஆணா, பெண்ணா?"

திடீர்னு கேட்டா என்ன சொல்றது? நான் அதை யோசிச்சதே இல்ல. "தந்தம் இருக்குங்க"ன்னேன்.

"ஓகோ. எவ்வளவு நீளம்?"

"பழசு சின்னதா இருந்துச்சு. போன மாசம்தான் கழட்டிட்டுப் புதுசு மாட்டினோம்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "தந்தத்தைக் கழட்டினீங்களா? பழசு இப்ப எங்க இருக்கு?"

"ஸ்டோர்ல கிடக்குங்க, வேணும்னா எடுத்துக்கங்க"ன்னேன். பெரிய மனுஷன் கேக்குறாரே, ஒரு மரியாதைக்குச் சொன்னேன். சட்டைப் பையில இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினாரு. நான் சொல்றதைக் குறிச்சு வச்சுக்கிற அளவுக்கு மரியாதைன்னு எனக்கு ஒரே பெருமை.

"யானையை எங்க கட்டுவீங்க?"ன்னாரு.

"கட்டுறதில்லைங்க. ஷோ முடிஞ்சதும் மடிச்சு…"

கமலம் அந்த நேரம் பாத்து காப்பித் தட்டைக் கீழ போட்டா. பெரிய சத்தம். அதோட பேச்சு மாறிப் போச்சு. போகும்போது ரேஞ்சர் சொன்னாரு, "நான் அந்த யானையை நேர்ல பாக்கணும். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வர்றேன்." சிரிக்கவே இல்ல மனுஷன்.

ராணி அழுதா. "என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க, கடத்தல்காரன்னு நெனைச்சுட்டாரு, இளவழகன் போன் பண்ணிக் கேக்குறான், உங்கப்பா தந்தம் விக்கிறாரான்னு." நான் சொன்னேன், "கவலைப்படாத. கடைசி வரிசையில உக்கார வச்சுடுவோம். லேசர் லைட்டுல தூரத்துல இருந்து பாத்தா நெஜ யானைதான். நான் நடக்கிற நடையில அவருக்கே சந்தேகம் வராது."

கமலம் என்னையவே பாத்துட்டு இருந்தா. அப்புறம் மெதுவா, "நம்பலைன்னா பொய்யன்னு போயிடுவாரு. நம்பிட்டா அதை விட மோசம்"னா. நம்பினா என்னடி மோசம்னு கேட்டேன். தம்ளரைக் கழுவ எடுத்துட்டுப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது, விட்டுட்டேன்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், இல்லைன்னா உங்களுக்குப் புரியாது. எங்க ரிங்குல ரெண்டு சட்டம் உண்டு. சர்க்கார் சட்டம் இல்ல, எங்க சட்டம். ரிங்குக்குள்ள என்ன ஆனாலும் சரி, ஊஞ்சல் பாரைப் பிடிக்கத் தவறி விழுந்தாலும் சரி, புலி பிறாண்டினாலும் சரி, எந்திரிச்சு நெஞ்சை நிமித்தி, வலது கையைத் தூக்கி, நாலு பக்கமும் சலாம் வச்சுட்டுத்தான் வெளிய வரணும். கால் ஒடிஞ்சவன்கூட கையைத் தூக்கிட்டுத்தான் ஸ்ட்ரெச்சர்ல போவான். இது எங்களுக்கு. கோமாளிக்கு வேற சட்டம். ரிங்குல ஏதாவது தப்பு நடந்தா கோமாளி அந்த நிமிஷமே விழுந்து புரளணும். சனம் பயந்துடக்கூடாது, சிரிக்கணும். எங்களுக்கெல்லாம் இது ரத்தத்துல ஊறினது. தூக்கத்துல எழுப்பினாலும் நான் சலாம் வைப்பேன், பவித்ரன் விழுவான்.

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணி ஷோ. டிரஸ் டெண்டுக்குப் போனா, கமலம் என் சிவப்புக் கோட்டைத் தேய்ச்சு வச்சிருக்கா! அதேதான், புலிக் கோட்டு. பெட்டிக்குள்ள கிடந்ததை எடுத்து, பித்தளைப் பட்டனுக்குப் புளி போட்டுத் தேய்ச்சு, மெடல் நாலையும் குத்தி வச்சிருக்கா. "இன்னைக்கு இதைப் போட்டுக்கிட்டு உள்ள போங்க"ன்னா.

"யானை வயித்துக்குள்ள எவண்டி பாக்கப் போறான்? வெந்து செத்துடுவேன்"னேன்.

"சம்பந்தி வர்ற நாளு. என் மனசுக்காகப் போட்டுக்கங்க"ன்னா. தலையும் சீவி விட்டா. மீசைக்கு எண்ணெய் தடவினா. பவித்ரன் யானைத் தலையைக் கையில வச்சுக்கிட்டு இதெல்லாம் பாத்துச் சிரிக்கிறான், "மாசிலாமணி, உனக்குக் கல்யாணமோ?"ன்னு. போடான்னேன். என்ன பண்றது, கட்டினவ ஆசைப்படுறா. கோட்டு மேல யானையை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சேன். கமலம் வந்து இடுப்புல ஏதோ செஞ்சா, ரெண்டு தட்டு தட்டினா. "போட்டாச்சு, போங்க. பயப்படாதீங்க"ன்னா. நான் எதுக்குப் பயப்படணும்?

பவித்ரன் உள்ள இருந்து சொல்றான், "மாசிலாமணி, உன் சம்பந்தி முதல் வரிசையில இருக்கான். எதிர்லயே." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கடைசி வரிசைன்னு நான் சொல்லியிருந்தேனே? கமலம்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முதல் வரிசையில உக்கார வச்சாளாம். மரியாதை தெரிஞ்சவ, ஆனா நேரம் தெரியல பாருங்க.

போனோம். மேட்டு நடுவுல நின்னோம். புல்லாங்குழல் அழுது. மண்டி போட்டோம். நான் பந்தை அமுக்கினேன். சனம் "ஐயோ பாவம்"ங்குது. எல்லாம் சரியா இருக்கு. எந்திரிக்கிறோம். எந்திரிக்கும்போது இடுப்புல டப்பு டப்புன்னு ரெண்டு சத்தம். அப்புறம் திடீர்னு என் மூஞ்சியில ஏர்கூலர் காத்து.

நிமிந்து பாக்குறேன். என் யானை எனக்கு முன்னாடி போயிட்டிருக்கு.

பெல்ட்டு கையை விட்டுப் போயிடுச்சு. பந்து மட்டும் கையில, ட்யூப் நீண்டுக்கிட்டே போகுது, போகுது, பட்டுன்னு அறுந்து தண்ணி பூராவும் முதல் வரிசையில பீச்சி அடிக்குது. யாரு மேலன்னு சொல்லவேண்டியதில்ல. பவித்ரன் நாலு எட்டு வச்சவன், பின்னாடி லேசா இருக்கேன்னு திரும்பிப் பாக்குறான். ஓட்டை வழியா அவனோட பின்பாதி தனியா நிக்கிறது தெரியுது. கோமாளி ரத்தம் விடுமா? தும்பிக்கையைத் தூக்கிக்கிட்டு தடால்னு விழுந்தான்.

நான்? நான் யாரு தம்பி? நெஞ்சை நிமித்தினேன். வலது கையைத் தூக்கினேன். மேல சிவப்புக் கோட்டு, பட்டன் எல்லாம் மின்னுது, நாலு மெடல். இடுப்புக்குக் கீழ யானைக் கால் ரெண்டு. வடக்குப் பக்கம் ஒரு சலாம். மேக்கே திரும்பினேன், வாலும் கூடவே திரும்பிச்சு, எந்திரிக்கப் பாத்த பவித்ரன் தலையில ஒரு போடு. மறுபடி விழுந்தான். மேக்கே சலாம். தெக்கே சலாம். சனம் நாற்காலியில இல்ல, புரளுது. பழைய பேண்டு மாஸ்டரா இருந்தா நிலைமையைப் பாத்துட்டு டக்குனு ஒரு மார்ச் வாசிச்சிருப்பாரு. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு எழவு வீடு மாதிரி புல்லாங்குழல் ஊதிட்டே இருக்கு.

கிழக்குப் பக்கம் மட்டும் மிச்சம். முதல் வரிசை. திரும்பினேன். ரேஞ்சர் எந்திரிச்சு நிக்கிறாரு. சட்டையெல்லாம் ஈரம். என்னைய மீசையில இருந்து வாலு வரைக்கும் பாக்குறாரு. பக்கத்துல ராணி, துப்பட்டாவால முகத்தை மூடியிருக்கா. அந்த ஒரு நொடி, ஜான்சி கூண்டுக்குள்ளகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்ல. என் பொண்ணு கல்யாணம் போச்சு, நான்தான் கெடுத்தேன்னு நெனச்சேன். ஆனாலும் கையைத் தூக்கினேன். சட்டம்னா சட்டம். சலாம் வச்சேன்.

ரேஞ்சர் வாயைத் திறந்தாரு. சிரிப்பு தம்பி, அப்படி ஒரு சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, பக்கத்துல இருந்த அவர் சம்சாரத்தைப் பிடிச்சுக்கிட்டு. அப்புறம் நிமிந்து, குதிகாலை ஒட்ட வச்சு, எனக்குத் திருப்பி சல்யூட் அடிச்சாரு. நெஜ டிபார்ட்மெண்டு சல்யூட். எங்க ஆளு எவனுக்கும் கிடைக்காதது. ராணியும் துப்பட்டாவை எடுத்துட்டுச் சிரிச்சா. திரைக்குப் பக்கத்துல கமலம் நின்னா. அவளும்.

ஷோ முடிஞ்சு டிரஸ் டெண்டுக்கு வந்தாரு. "தந்தம்?"னாரு. "ஃபைபருங்க"ன்னேன். அந்தச் சின்ன நோட்டை எடுத்தாரு. ரெண்டு பக்கம் எழுதியிருந்தாரு, தேதி, நேரம், தந்தம், ஸ்டோர் எல்லாம். "நாளைக்குக் காலையில ஆபீஸ்ல குடுத்திருப்பேன். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ், மனசு கேக்கல. உங்களை உள்ள தள்ளிட்டு என் பையனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு ஒரு வாரமா தூக்கமில்ல"ன்னு சொல்லிக் கிழிச்சுப் போட்டாரு. "நல்லவேளை, யானை தானே உண்மையைச் சொல்லிடுச்சு"ன்னாரு. என்னையக் கட்டிப் பிடிச்சாரு. அங்கேயே தேதி குறிச்சாச்சு.

அவரை அப்படி மாத்தினது எதுன்னு நெனைக்கிறீங்க? அந்த நிமித்தல்! அந்தச் சலாம்! ஒரு ஆம்பளையோட கம்பீரத்துக்கு முன்னாடி எந்த ரேஞ்சரும் நிக்கமுடியாது. கமலத்துகிட்ட இதைச் சொன்னேன். ஆமாங்கன்னா. கோட்டு போட்டிருந்தது நல்லதாப் போச்சுல்லன்னேன். ஆமாங்க, நல்லதாப் போச்சுன்னா.

இப்ப அதே எங்க கிளைமாக்ஸ். சின்ன மேடம் "இதையே தினம் பண்ணுங்க அங்கிள்"னுட்டாங்க. யாரோ வீடியோ எடுத்துப் போட்டு பன்னெண்டு லட்சம் பேரு பாத்துட்டான். ஜான்சியோட நின்னப்ப அஞ்சாயிரம் பேரு. பாதி யானையா நின்னா பன்னெண்டு லட்சம். காலம் எப்படி இருக்கு பாருங்க. காட்டுக்காக இப்ப எவனும் அழுறதில்ல, சிரிச்சுட்டுப் போறான், ஆனா வெளிய போகும்போது மரக்கன்னு குடுக்கிறோம், எல்லாரும் வாங்கிட்டுப் போறான். அதுல மேடத்துக்குச் சந்தோஷம்.

இன்னைக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு வீட்டுல வைக்கணும்னா எங்க வீடு கூடாரம், அதனால அவங்க ஊர்லயே மண்டபம். சம்பந்தி போன் பண்ணி "யானையைக் கூட்டிட்டு வாங்க"ன்னாரு, ஊர் சனத்துக்குக் காட்டணுமாம். யானைத் தலையைத் தூக்கிட்டுக் கமலமும் பவித்ரனும் காலையிலேயே போயிட்டாங்க. நான் பின்னாடி வர்றேன். பின்பாதியை நான் யார்கிட்டயும் குடுக்கமாட்டேன். குடுத்தா எத்தியோப்பியாப் பையன் எவனையாவது உள்ள விட்டுட்டு, அந்த சல்யூட்டையும் பவித்ரன் பிடுங்கிடுவான்.

சிரிக்காதீங்க. அவன் லேசுப்பட்ட ஆளு இல்ல. அன்னைக்கு யானை பிரிஞ்சதுக்கே அவன்தான் காரணம். எப்படிச் சொல்றேன்னு கேளுங்க. ஷோ முடிஞ்சு பாத்தா ஜிப்புல ரன்னரே இல்ல. அதான், இழுக்கிற அந்தக் கொக்கி. ரெண்டு ஊக்கு மட்டும் குத்தியிருக்கு, அதுவும் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு. மறுநாள் காலையில மேட்டு பூரா தேடினேன். பழைய மரத்தூளா இருந்தா உள்ள புதைஞ்சுபோச்சுன்னு விட்டுடலாம். இது நீல மேட்டு, குண்டூசி விழுந்தாலும் தெரியும். கிடைக்கல. புது ரன்னர் போட்டோம்.

இன்னைக்குக் காலையில கோட்டுக்கு ஒரு பட்டன் தேவைப்பட்டுச்சு. கமலம் கிளம்பிப் போயிட்டாளேன்னு நானே அவ பட்டன் டப்பாவைத் திறந்தேன். அடியில, ஒரு துண்டு சிவப்புத் துணியில பத்திரமா முடிஞ்சு… இந்தா பாருங்க, சட்டைப் பையிலேயே வச்சிருக்கேன். இதுதான். பழைய ரன்னர்.

எப்படிப் போச்சு கமலம் டப்பாவுக்குள்ள? எனக்கு அந்த இடத்துலயே புரிஞ்சுபோச்சு. பவித்ரன். கழட்டினது அவன், பழியைத் தூக்கி என் பொண்டாட்டி மேல போடப் பாத்திருக்கான்!

என்னது? ஆமா, அவன் ரெண்டு கையும் தும்பிக்கைக்குள்ளதான் இருந்துச்சு. ஆமா, ஜிப்பு வெளிய இருந்துதான் போடமுடியும், கழட்டவும் முடியும். அதான் தம்பி எனக்கும் விளங்கல. எப்பேர்ப்பட்ட கில்லாடியா இருந்தா அப்படிச் செஞ்சிருப்பான்! மண்டபத்துல நாலு பேரு முன்னாடி எடுத்துக் காட்டிக் கேக்கப் போறேன்.

கமலத்துகிட்ட மட்டும் சொல்லமாட்டேன். பாவம், ஒண்ணும் தெரியாதவ, வருத்தப்படுவா.

ஏன் தம்பி இப்படிச் சிரிக்கிறீங்க? முன்சீட்டு அம்மா, நீங்களுமா? கண்டக்டரு, நீ எதுக்குய்யா கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்குற? நான் என்ன தமாஷா சொன்னேன்?

ஆங், வேடசந்தூர் வந்துருச்சு. நகருங்க, நகருங்க. அதோ பாருங்க, பஸ் ஸ்டாண்டு வாசல்லயே கமலம் நிக்கிறா. கையில யானைத் தலையை இடுக்கிட்டு, எந்த வண்டியில வர்றேன்னு தேடிட்டு நிக்கிறா. எப்பவும் இப்படித்தான் வந்து நிப்பா, சும்மா.

தம்பி, மறுபடியும் வாலு மேல.